மாவு மிஷின் பெல்ட்

மேசைமேல் வந்து விழுந்த புல் வண்டி பெல்ட் டீ கிளாஸைக் கவிழ்த்துவிட்டது.

“இந்தா பட்டதாரி, இதுவும் செத்துப்போச்சு,” என்றான் மச்சான். “உன் கைராசி அப்படி. நீ தொட்டது எது நிலைச்சிருக்கு?”

அவன் எண்ணெய்த் துணியை எடுத்து டீயைத் துடைத்தான். அந்தப் பேச்சு பெல்ட்டை மட்டும் குறித்தது அல்ல என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மச்சானுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சான் என்பது அவனுடைய மனைவியின் அண்ணன். அவள் இருந்தவரை அண்ணன் வாயில் இவன் ‘மாப்ள’. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த ‘மாப்ள’யும் அவளோடு போய்விட்டது. இப்போது, மைதானத்துக்கு விளையாட வருகிறவர்கள் கிண்டலாகக் கூப்பிடும் பெயர்தான் மச்சானுக்கும் வாய்க்கு வருகிறது. கல்லூரியில் வரலாறு படித்தவன் புல் வெட்டும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பது ஊருக்கு வேடிக்கையாகத்தானே இருக்கும்.

மைதானத்தைப் பராமரிக்கும் வேலை மாமனாருடையது. வண்டி ஓட்டுவது மச்சான், பழுது பார்ப்பது இவன். தகரக் கொட்டகைக்குப் பின்சுவரை ஒட்டியே வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொட்டகைக்குள் நடப்பதெல்லாம் மாமியாருக்குத் தெரியும், கேட்கும். அந்த ஜன்னல் மூடி அவன் பார்த்ததில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் மேட்ச். புல்லு கணுக்காலை மறைக்குது,” என்றான் மச்சான். “எந்த ராஜா எந்த வருஷம் பெல்ட் மாட்டினான்னு உங்க புஸ்தகத்துல போட்டிருந்தா எடுத்துப் படி. எனக்கு வண்டி ஓடணும்.”

“மாட்டுறேன். பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா மச்சான்?”

“என்ன?”

“பெல்ட் ரெண்டு பக்கமும் வெந்திருக்கு.”

“என் கால எங்க வைக்கணும்னு நீ சொல்லித் தர்றியா? வண்டியில ஏறி ஒரு கோடு நேரா வெட்டத் தெரியுமா உனக்கு? வந்துட்டான்.”

மச்சான் போய்விட்டான். போகிற போக்கில் கதவை எட்டி உதைத்தான். தகரம் நெடுநேரம் அதிர்ந்தது.

அவன் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரே இடத்தில் தேய்ந்து அறுந்திருந்தால், வண்டி எங்கோ சிக்கி நின்றபோது எஞ்சின் மட்டும் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். இது அப்படி இல்லை. சுற்றளவு முழுக்க, இரண்டு பக்கமும் கண்ணாடி போலப் பளபளத்தது. வளைத்தால் குச்சிபோல வெடித்தது. போன தடவையும் இப்படித்தான், அதற்கு முந்தியும்.

முதலில் தன் வேலைமேல்தான் சந்தேகப்பட்டான். மெழுகுவர்த்திபோல எஞ்சினில் செருகியிருக்கும் பிளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு, வண்டியின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் பிளேடு தட்டைக் கழற்றி வெளியே இழுத்துப் போட்டான். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி அடியில் படுத்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். முறுக்காகவே இருந்தது. அந்த ஸ்பிரிங் இழுக்கிற சின்னச் சக்கரத்தை, டென்ஷன் புல்லியை, சுற்றிவிட்டான். சத்தமில்லாமல் சுற்றி, தானாக நின்றது. பெல்ட் விலகாமல் காக்கும் கம்பிகள் அதனதன் இடத்தில் இருந்தன. கறுப்புத் தூள் மட்டும் எங்கு பார்த்தாலும் அப்பிக் கிடந்தது.

அப்படியானால் பெல்ட் தானாக வழுக்கவில்லை. யாரோ வழுக்க விட்டிருக்கிறார்கள்.

அந்த வண்டியில் பெடலை முழுக்க மிதித்தால் பெல்ட் தளரும், வண்டி நிற்கும். காலை எடுத்தால் பெல்ட் இறுகும், வண்டி போகும். இரண்டுக்கும் நடுவில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெல்ட் பிடித்தும் பிடிக்காமலும் புல்லியில் உரசிக்கொண்டே இருக்கும். வண்டி எறும்பு மாதிரி ஊரும். பெல்ட் வெந்துபோகும். மெதுவாகப் போகவேண்டும் என்றால் கியரைக் குறைத்தால் போதும். இது மச்சானுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே இந்த வண்டியை ஓட்டுகிறவன். அவன் வெட்டிய கோடுகளைப் பார்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும்.

அவன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். கியர் குச்சி வலது தொடையை ஒட்டி நின்றது. கை எட்டியது. எந்தத் தடையும் இல்லை. யோசித்தபடியே ஸ்பேனர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மறுபடி கையை நீட்டினான். பை வலப்பக்கம் சரிந்து குச்சியின்மேல் படுத்துக் கிடந்தது. கியர் அசையவில்லை.

 பிறகு இறங்கி சமையலறை ஜன்னலருகே போய் நின்றான்.

“அத்தை.”

மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“குழந்தையை மடியில வச்சு வண்டி ஓட்டுறாரா மச்சான்?”

கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. ஏத்த மாட்டோம்னு நீங்க எனக்குச் சொன்னீங்க.”

“சொன்னேன். உன் வாயை அடைக்கச் சொன்னேன். இப்ப என்ன அதுக்கு?”

அவனுடைய மகளுக்கு நாலு வயது. தாய் போன பிறகு அவள் பேச்சு சுருங்கிப் போயிருந்தது. சாப்பாடு, தண்ணீர், வேண்டாம். அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் மச்சான் அவளை மடியில் தூக்கி வைத்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது கெக்கெக்கே என்று சிரித்தாள். வீடே வெளியே ஓடி வந்து பார்த்தது. இவனும் பார்த்தான். அவனுக்கோ வண்டிக்குக் கீழே சுழலும் பிளேடுகள்தான் கண்ணில் பட்டன. ஏற்றாதீர்கள் என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் காற்றில் போனது.

“பெத்தவ போன அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல,” என்றார் மாமியார். “மறுநாளே போய் வண்டிக்குக் கிரீஸ் அடிச்ச. ஊரே பார்த்துச்சு. இப்ப புள்ளமேல அக்கறை பொத்துக்கிட்டு வருதோ? அது சிரிக்கிறது அந்த ஒரு நேரம்தான். அதையும் பிடுங்கிடு. பிடுங்கிட்டு நிம்மதியா இரு.”

“விழுந்தா என்ன ஆகும் அத்தை?”

“என் மவன் பிடிச்ச புள்ள விழாது. நீ பிடிச்சதுதான் கைநழுவிப் போச்சு.”

அவன் திரும்பி நடந்தான். உள்ளே எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்த்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல எல்லாம் மரத்துத்தான் இருந்தது. குழந்தை வண்டியில் ஏறக்கூடாது என்பது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவன் சொன்னால் அந்த வீட்டில் நாற்காலிகூட நகராது என்பதும் அதே அளவு தெளிவாக இருந்தது.

புதுப் பெல்ட் வாங்க ஊர்க்கோடிக் கடைக்கு நடந்தான்.

பெல்ட் கடைக்காரருக்குத் தொப்பையும் வாயும் ஒரே அளவு. கடை உத்தரத்தில் பெல்ட்டுகள் சுருள் சுருளாகத் தொங்கின. பழைய பெல்ட்டைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார்.

“இதே நீளம்தானே? அளந்துடுவோம்.”

“வேணாம். அது இழுபட்டு நீண்டிருக்கும். நம்பர் என்கிட்ட இருக்கு.” முதல் பெல்ட் மாட்டிய அன்றே நம்பரை எஞ்சின் மூடிக்கு உள்பக்கம் ஆணியால் கீறி வைத்திருந்தான். மனப்பாடமாகவே சொன்னான். “துணி சுத்தினது வேணும். வெறும் ரப்பர் ஆகாது.”

“விவரமானவர்தான்,” என்று ஏணியில் ஏறினார் கடைக்காரர். “ஆனா ஒரு வண்டிக்கு எத்தனை பெல்ட்டுங்க மாட்டுவீங்க? உங்க மச்சான் அப்பவே வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு.”

“என்ன பெல்ட்?”

“மாவு மிஷினுக்குப் போடுறது. இருக்கிறதுலயே முரட்டுப் பெல்ட்டாக் குடுன்னாரு. வழுக்கவே கூடாதாம். யானையைக் கட்டி இழுக்கலாம் அதுல. நான்கூடச் சொன்னேன், அது ஓடிக்கிட்டே இருக்கிற மிஷினுக்கு உள்ளது, நின்னு நின்னு போற வண்டிக்கு ஒத்து வருமான்னு. உன் வேலையைப் பாருன்னுட்டாரு.”

கடைக்காரர் இறங்கி வருவதற்குள் அவன் கடை வாசலில் நின்றிருந்தான். பெல்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

மாவு மிஷினில் பெல்ட் பிடித்தால் போதும். புல் வண்டியில் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். துணி சுற்றிய பெல்ட் தளர்ந்ததும் புல்லியில் வழுக்கி நின்றுகொள்ளும். மாவு மிஷினுடைய வெறும் ரப்பர் தளர்ந்தாலும் விடாது, கவ்விக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது.

மைதானத்துக் கேட்டைத் தாண்டும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

பிளேடு தட்டு இல்லாத வெறும் வண்டி புல்லின் ஓரமாக வந்துகொண்டிருந்தது. மச்சானின் மடியில் குழந்தை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். பார்வையாளர் படிக்கட்டுப் பக்கம் மாமியார் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாளைய மேட்சுக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அதற்குப் பின்னால் கொட்டகையின் இரும்புத் தூண்.

“நிறுத்துங்க,” என்று கத்தினான்.

“வந்துட்டாருடா இன்ஸ்பெக்டர்,” என்றான் மச்சான். “பார்த்துக்கோ பட்டதாரி. வண்டின்னா இப்படி இழுக்கணும். பிளேடையே கழட்டிப் போட்டாச்சு, இனிமே என்ன குத்தம் கண்டுபிடிப்ப?”

சொல்லிக்கொண்டே பெடலை மிதித்தான். நாற்காலி அடுக்குக்கு நாலைந்து அடி முன்னால் நிற்பதாக அவன் கணக்கு. வண்டி வேகம் குறைந்து உறுமியது. நிற்கவில்லை. மச்சானின் முகம் மாறியது. இருக்கையிலிருந்து எழும்புகிற அளவுக்குப் பெடலில் ஏறி மிதித்தான். சக்கரங்கள் முரண்டு பிடித்துக்கொண்டே முன்னால் போயின. மாமியார் விலகினார். வண்டி நாற்காலி அடுக்கில் முட்டி அதைத் தள்ளிக்கொண்டு போனது. மேல் நாற்காலிகள் சரிந்து, கால்கள் முன்னே நீட்டியபடி குழந்தையின் முகத்துக்கு நேரே வந்தன. மச்சான் கையால் அவற்றைத் தடுத்தான். குழந்தை இதுவும் ஒரு விளையாட்டு என்று கைகொட்டிச் சிரித்தாள். அடுக்கு தூணில் போய் மோதியது. நசுங்கும் சத்தம் கேட்டது. வண்டி இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

அவன் குறுக்கே பாய்ந்து சாவியைத் திருப்பினான்.

திடீரென்று அமைதி. ஒரு நாற்காலி தாமதமாக விழுந்து உருண்டது.

குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். சிரிப்பு நின்றது. தன்னைத் தூக்கியது யார் என்று பார்த்தாள். பார்த்ததும் வீறிட்டாள்.

“மாமாகிட்ட விடு. விடு. நீ வேணாம். மாமா.”

இத்தனை மாதத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கால்களை உதைத்ததில் அவன் தாடையில் ஒன்று விழுந்தது. மாமியார் வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

“சந்தோஷமா இப்ப? சிரிச்சிட்டிருந்த புள்ளைய அலற வச்சாச்சு. போய்த் தூங்கு, நல்லாத் தூக்கம் வரும்.”

“வண்டி நிக்கலையே அத்தை. நீங்களும் பார்த்தீங்க.”

“கொஞ்சம் நகர்ந்துச்சு,” என்றான் மச்சான். குரலில் பழைய மிடுக்கு வரவில்லை. “புதுப் பெல்ட்டு. ஓடி ஓடிப் பதமாகிடும். என்ன குடியா முழுகிப்போச்சு, ரெண்டு நாற்காலி.”

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் விட்டான். அடியில் படுத்துப் பார்த்தான். ஸ்பிரிங்கின் கொக்கியைப் பழைய ஓட்டையிலிருந்து கழற்றி, எட்டாத தூரத்துக்குக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. காப்புக் கம்பி ஒன்றைக் காணவில்லை. தடித்த பெல்ட் அதற்குள் நுழையாததால் அதைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அவிழ்த்தான். மாவு மிஷின் பெல்ட்டை உருவி வெளியே எடுத்து, மேசை விளிம்பில் வைத்து, கத்தியால் அறுத்தான். முரட்டுப் பெல்ட்தான். பலமுறை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது.

கடைசி நூல் அறுந்தபோது மச்சான் வாசலில் நின்றான்.

“எதுக்குடா அறுத்த?”

“மறுபடி மாட்டாம இருக்க.”

மச்சான் உள்ளே வந்து அறைந்தான். அவன் தள்ளாடி வண்டிமேல் சாய்ந்து நிமிர்ந்தான். கையை ஓங்கவில்லை. ஆனால் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

“குத்துவியா? குத்து பார்ப்போம். என் தங்கச்சியத்தான் வாரிக் குடுத்தேன், நானும் வர்றேன்.”

“உங்க தங்கச்சி இருந்திருந்தா உங்களை அந்தச் சீட்டுல உட்காரவே விட்டிருக்க மாட்டா.”

“அவ பேரை எடுக்காத.”

“அவ எம் பொண்டாட்டி, மச்சான்.”

“பொண்டாட்டியாம். அழுதியாடா நீ?”

“என்ன சத்தம்?” என்றார் மாமனார்.

அவர் மைதானத்துக் கேட் பக்கம் நின்று வண்டி முட்டியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நசுங்கிய நாற்காலி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தார். அதை நடுவில் போட்டார். கத்தியைப் பார்த்தார், அறுந்த பெல்ட்டைப் பார்த்தார், மருமகனின் கன்னத்தைப் பார்த்தார். 

“ஓடிக்கிட்டிருந்த வண்டிப்பா. வேணும்னே அறுத்துட்டான்,” என்றான் மச்சான்.

மாமனார் மகனிடம் கேட்டார். “பெடல மிதிச்ச. வண்டி நின்னுச்சா?”

“நின்னுச்சு. கொஞ்சம் இழுத்துச்சு.”

“நின்னுச்சா, இல்லையா?”

மச்சான் தகரச் சுவரைப் பார்த்தான்.

மாமனார் மருமகன் பக்கம் திரும்பினார். “நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல வரல. என்கிட்ட கேட்டிருக்கணும். அறுத்தது திமிரு. நாளைக்கு மேட்ச். யார் புள்ள அழுதா, யார் யாரை அடிச்சான்னு புல்லு பார்த்துக்கிட்டு நிக்காது. மாட்டு.”

“மாட்டுறேன் மாமா. ஆனா சாவி என்கிட்டதான் இருக்கும். குழந்தையை ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டு வாங்கிக்கட்டும்.”

“பார்த்தியாப்பா? நம்ம வண்டிக்கு நம்மகிட்டயே சட்டம் பேசுறான்.”

“முதல்ல மாட்டு,” என்றார் மாமனார். கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் வேலை செய்தான். பெடலை முழுக்க அழுத்தி, நிறுத்தி வைக்கும் பிரேக்கைப் போட்டுப் பூட்டினான். அப்போதுதான் டென்ஷன் புல்லி பின்வாங்கிப் பெல்ட்டுக்கு இடம் கிடைக்கும். புதுப் பெல்ட்டை எஞ்சின் புல்லியின் மேல் பள்ளத்தில் போட்டான். கீழ்ப் பள்ளம் பிளேடுக்கு உரியது. அங்கிருந்து பின்னால் கொண்டுபோனான். பள்ளமுள்ள புல்லியில் பெல்ட்டின் குறுகிய பக்கம், தட்டையான புல்லியில் அதன் முதுகு. ஒவ்வொரு காப்புக் கம்பிக்கும் உள்ளே போகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனான். காணாமல் போன கம்பிக்குப் பதில் ஒரு நீள போல்ட்டை முடுக்கினான். பின் சக்கரங்களை இயக்கும் புல்லியில் பெல்ட்டை ஏற்றும்போது விரல் நசுங்கியது. எங்காவது முறுக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் கடைசிவரை பார்த்தான். ஸ்பிரிங்கைப் பழைய ஓட்டையில் மாட்டினான்.

“அவசரமே இல்லாம நகை செய்யிறான்,” என்றான் மச்சான்.

பிரேக்கை விடுவித்ததும் ஸ்பிரிங் டென்ஷன் புல்லியை இழுத்தது. பெல்ட் இறுகியது. நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கொஞ்சம் தளர்வு. புதிதாக மாட்டியதை விறைப்பாக வைக்கத்தான் கை பரபரக்கும். அவன் பெடலோடு சேர்ந்த கம்பியின் நட்டைச் சிறிதாகத் திருப்பி, மறுபடி அழுத்தி, பாதியளவு திரும்ப விட்டான். பிறகு பிளக் வயரைச் செருகி, ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்துக்கொண்டு எஞ்சினைப் போட்டான்.

“பாருங்க மாமா.”

மாமனார் குனிந்து பார்த்தார். எஞ்சின் புல்லி சுழன்றது. பெல்ட் அதன் பள்ளத்தில் அசையாமல் கிடந்தது. அவன் காலை மெல்ல எடுத்தான். பெல்ட் ஒரு சிலுப்பு சிலுப்பிப் பிடித்தது. வண்டி நகர்ந்தது. மிதித்தான். உடனே நின்றது. மாமனாரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் நகரவில்லை.

“சரி,” என்று எழுந்தார். மகனைப் பார்த்தார். “என்ன சொல்ற? அவன் கேட்டதைச் சொல்லிட்டுச் சாவியை வாங்கிக்கோ.”

“இவன்கிட்டயா? செத்தாலும் சொல்ல மாட்டேன். இந்த வண்டியில எனக்குச் சாவி குடுக்க இவன் யாரு? ரொம்பத் தெரிஞ்சவருல்ல, அவரே ஓட்டட்டும். மைதானம் எப்படி இருக்குன்னு நாளைக்கு ஊரு பார்க்கட்டும்.”

“நல்லதாப் போச்சு,” என்றார் மாமனார். அவர் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. “ஓட்டு மருமவனே. வெளிச்சம் இருக்கறப்பவே முடி.”

“மாமா, நான் இதுவரைக்கும்...”

“நீதானே சாவி கேட்ட.”

பிளேடு தட்டை உள்ளே தள்ளி, அதன் பெல்ட்டைத் தனியாக மாட்டி, அவன் வண்டியை வெளியே எடுத்தபோது மச்சான் படிக்கட்டின் மேல்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தான். விளையாட வந்தவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் கோடே பாம்பு போல நெளிந்தது.

“ஏய் பட்டதாரி, அது நதியோட வரைபடமா?”

“கரையோரம் நகரம் ஏதும் இருந்தாச் சொல்லுப்பா.”

சிரித்தார்கள். மச்சானின் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட ஒரு நொடி நீண்டது. இவன் முன் சக்கரத்தைப் பார்க்காமல் மைதானத்தின் மறுகோடியைப் பார்த்து ஓட்ட முயன்றான். இரண்டாவது கோடு கொஞ்சம் பரவாயில்லை. முந்தைய கோட்டைவிட்டு விலகிப் போனதில், வெட்டாமல் ஒரு கீற்றுப் புல் சீவாத முடிபோல நடுவில் நின்றது. திரும்பும்போது மூலைக் கொடிக்கம்பத்தை உரசினான். வண்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. போ என்றால் போனது, நில் என்றால் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தை வந்து நின்றாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் மாமியார்.

வண்டி அருகே வந்ததும் குழந்தை கம்பி வழியாக இரண்டு கைகளையும் நீட்டினாள். “ஏத்து.”

அவன் தலையை ஆட்டிவிட்டு ஓட்டிப் போனான்.

அடுத்த சுற்றிலும் நீட்டினாள். அதற்கடுத்த சுற்றிலும்.  கை மட்டும் நீண்டிருந்தது.

“ஒரு சுத்து ஏத்தினாத்தான் என்ன? இப்பத்தான் நல்லா நிக்குதாமே வண்டி,” என்றார் மாமியார்.

அது அவனுக்கும் தோன்றியிருந்தது. அங்கே வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் தூக்கிவிடுவோம் என்று தெரிந்தது. ஒருமுறை தூக்கினால் மச்சானும் தூக்குவான். தட்டுக்கு அடியில் பிளேடுகள் சுழன்றுகொண்டிருந்தன. “கீழே பிளேடு ஓடுது அத்தை,” என்றான். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

அந்தச் சுற்று முடிந்து திரும்பி வந்தபோது குழந்தையின் கைகள் நீளவில்லை. முதல் கல் வண்டியின் மூடியில் பட்டு எகிறியது. அடுத்தது அவன் தோளில் விழுந்தது. படிக்கட்டில் யாரோ விசில் அடித்தார்கள்.

“அடி சக்கை,” என்றான் மச்சான் மேலிருந்து. “என் மருமவடா.”

மாமியார் அவளைத் தடுக்கவில்லை.

மூன்றாவது கல் அவன்மேல் படாமல் வண்டிக்கு முன்னால் புல்லில் விழுந்து மறைந்தது. பிளேடில் பட்டால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. வேலிப் பக்கமும் பறக்கலாம். அவன் பிளேடை நிறுத்தி, பெடலை மிதித்து, எஞ்சினை அணைத்தான். இறங்கி மண்டியிட்டுப் புல்லுக்குள் தேடினான். அவனைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கல் கிடைத்தது. கோலிக்குண்டு அளவுதான் இருந்தது.

எழுந்து வேலியருகே போனான். குழந்தை பின்வாங்கவில்லை. அவன் மனைவி சண்டைக்கு நிற்கும்போது கீழுதட்டை இப்படித்தான் பிதுக்குவாள். அவன் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கல்லை அவளிடமே கொடுத்தான்.

“என் மேல போடு,” என்றான். “புல்லுல போடாத.”

அவள் வாங்கிக்கொண்டாள். அதை உள்ளங்கையில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

“நீ கெட்டவன்,” என்றாள்.

“சரி.”

திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினான். பாதி மைதானம் மிச்சம் இருந்தது. கோடு நேராக வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டான். அடுத்த சுற்றில் வேலி தெரிந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். அந்தச் சின்னக் கல்லைக் கீழே போட்டுவிட்டு, கைக்கு அடங்காத பெரிய கல்லாகத் தேடி எடுத்து வைத்திருந்தாள். அவன் அருகில் வரட்டும் என்று காத்திருந்தாள்.